இட்லிப் பானைக்கு யார் பொறுப்பு?



மும்பையில் தாராவி என்று ஓர் இடம். தமிழ்க் குடும்பங்கள் நிறைய உள்ள இடம். இட்லி வியாபாரம் அங்கே பலருக்குப் பிழைப்பு. விடியற்காலையிலேயே இட்லி வெந்துவிடும். பெரிய அலுமினியப் பாத்திரத்தில் இட்லி. தூக்குவாளியில் சாம்பார், சட்னி. எல்லாம் சைக்கிளில் ஏறும். பாம் பாம் என்று ஹார்ன் அடித்தபடி தெருத் தெருவாகப் போவார்கள்.

அப்படிப் போகிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தார் அவரை அண்ணாச்சி என்பார்கள். சிக்னலில் நிற்கிறார். பின்னால் வந்த கார் சைக்கிளில் மோதுகிறது. அண்ணாச்சிக்கு முழங்கையில் சிராய்ப்பு. நல்ல வேளை, அதோடு போயிற்று. ஆனால் சைக்கிள் வளைந்துவிட்டது. பாத்திரம் நசுங்கிவிட்டது. இட்லியெல்லாம் ரோட்டில்.

காரில் வந்தவர் இறங்குகிறார். ஐந்நூறு ரூபாயை நீட்டுகிறார். ஒரு காகிதத்தில் ஏதோ எழுதி, கையெழுத்துப் போடச் சொல்கிறார். அந்தக் காகிதம் தமிழிலும் இல்லை. அதில் என்ன இருக்கும்? "எனக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது. இனி ஒன்றும் கேட்க மாட்டேன்." பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

ஓரத்தில் பூக்கட்டும் அக்கா ஒருவர் எழுந்து வருகிறார்.

"அண்ணாச்சி, அவசரப்படாதீங்க. படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. முதல்ல வண்டி நம்பரை எழுதிக்கோங்க. இன்சூரன்ஸ் இருக்கான்னு கேளுங்க."

அக்கா சொன்னது சரி. ஐந்நூறு ரூபாய் எந்த மூலைக்கு? கணக்குப் போட்டுப் பாருங்கள். சைக்கிள் 5,000 ரூபாய். பாத்திரங்கள் 3,500 ரூபாய். அன்றைய இட்லி, சாம்பார் 1,500 ரூபாய். மொத்தம் 10,000 ரூபாய். பாத்திரம் இல்லாமல் மறுநாள் வியாபாரமும் இல்லை. அரிசிக்கடைக் கடன் மட்டும் நிற்காது.

இந்தப் பணத்தை யார் தருவது?

இந்தியாவில் ரோட்டில் ஓடும் மோட்டார் வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டாயம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அப்படிச் சொல்கிறது. இதை மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் என்பார்கள். அது யார் மூன்றாம் நபர்? வண்டிக்காரர் ஒருவர். இன்சூரன்ஸ் கம்பெனி இன்னொருவர். அந்த வண்டியால் நஷ்டப்பட்டவர் மூன்றாவது. இங்கே அண்ணாச்சிதான் மூன்றாம் நபர்.

உயிருக்கும் உடம்புக்கும் மட்டும்தான் இழப்பீடு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மூன்றாம் நபரின் பொருளுக்கும் உண்டு. சைக்கிள், தள்ளுவண்டி, பெட்டிக்கடை, வீட்டுச் சுவர் எதுவானாலும் சரி. மோதியது காராக இருந்தால் பொருளுக்கு 7,50,000 ரூபாய் வரை இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு. மோதியது ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் என்றால் 1,00,000 ரூபாய் வரை.

இதில் ஒரு முடிச்சும் இருக்கிறது. சில உரிமையாளர்கள் பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். அதற்காக இந்தத் தொகையை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொள்வார்கள். அப்படி இருந்தால் அண்ணாச்சியின் மீதி 4,000 ரூபாய்? அதை உரிமையாளர் தம் கையிலிருந்து தர வேண்டும். இன்சூரன்ஸே இல்லாத வண்டி என்றால் முழுத் தொகையும் அவர் தலையில்தான்.

சரி, எப்படிக் கேட்பது? வண்டியை அப்புறப்படுத்தும் முன் செல்போனில் படம் எடுக்க வேண்டும். நசுங்கிய பாத்திரமும் காரின் நம்பரும் படத்தில் தெரிய வேண்டும். பார்த்தவர்கள் பெயரும் போன் நம்பரும் வேண்டும். பிறகு போலீஸ் நிலையத்தில் எழுத்தில் புகார். அதன் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். உடைந்த பொருளை உடனே காயலான் கடைக்குப் போட்டுவிடக் கூடாது. அதுதான் சாட்சி.

கேட்க வேண்டிய இடம், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். பொருள் நஷ்டத்துக்கு மட்டும்கூட அங்கே மனுப் போடலாம். விபத்து நடந்த ஊரிலும் போடலாம், தாம் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். காலக்கெடு முக்கியம். 2019இல் சட்டம் திருத்தப்பட்டது. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்றது அந்தத் திருத்தம். அது 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வக்கீலுக்குப் பணம் இல்லையா? பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

இதுவரை சொன்னது வண்டிக்கு வெளியே இருந்த பொருள். வண்டிக்கு உள்ளே இருந்த பொருள் என்றால் கதை வேறு.

ஒரு பெண் தையல் மிஷின் வாங்குகிறார். வாடகை டெம்போவில் ஏற்றி, தாமும் உடன் போகிறார். டெம்போ கவிழ்கிறது. அவருக்குக் கால் முறிகிறது. மிஷினும் நொறுங்குகிறது. காலுக்கு இழப்பீடு உண்டு. சரக்கோடு போகும் சரக்குச் சொந்தக்காரரையும் இன்சூரன்ஸ் காக்க வேண்டும் என்று 1994இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் மிஷினுக்கு டெம்போவின் இன்சூரன்ஸ் தராது. வண்டி சுமந்து செல்லும் பொருளை அந்தப் பாலிசி விலக்கி வைத்திருக்கிறது. ஒரே விபத்து, ஒரே ஆள். காலுக்கு உண்டு, மிஷினுக்கு இல்லை! கேட்பவருக்கு விசித்திரமாகத்தான் இருக்கும்.

மிஷினுக்கு வேறு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சரக்குக்கென்றே தனி இன்சூரன்ஸ். லாரியில் போகும் சரக்குக்கும் இதை மரைன் இன்சூரன்ஸ் என்றே சொல்கிறார்கள். கடலே இல்லாத ஊரிலும் அதே பெயர்தான்! மற்றொன்று, பதிவு பெற்ற லாரி கம்பெனியில் ரசீது போட்டு அனுப்புவது. வழியில் சேதமானால் கம்பெனி பொறுப்பு. ஆனால் கூடுதல் மதிப்பை முன்பே எழுதித் தராவிட்டால், வாடகையைப் போல் பத்து மடங்கு வரைதான் தருவார்கள். வாடகை 300 ரூபாய் என்றால் 3,000 ரூபாய்தான். மிஷின் விலை 9,000 என்றால் மீதி நஷ்டம். ஆகவே பொருளின் மதிப்பு ரசீதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். நஷ்டம் நேர்ந்தால், சரக்குப் பதிவான நாளிலிருந்து 180 நாளுக்குள் கம்பெனிக்கு எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும்.

சொந்தக் கார் வைத்திருப்பவருக்கும் இதே கதைதான். முழு இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் காரைப் பழுது பார்க்கப் பணம் வரும். உள்ளே இருந்த பெட்டி, துணிமணிக்கு வராது. அதற்கென்று கூடுதல் பிரீமியம் கட்டித் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். அப்போதும் ரொக்கப் பணத்துக்கும் நகைக்கும் பெரும்பாலும் இடம் இருக்காது.