பாதியில் நின்ற வம்ச வரலாறு

கொள்ளுத்தாத்தா பேர் என்ன, பாட்டி எந்த ஊரில் பிறந்தார் என்று விசாரித்து நோட்டு நோட்டாக எழுதிவைக்கிற ஒருத்தர் பல குடும்பங்களில் உண்டு. அவர் கண்ணை மூடியதும் நோட்டுகள் பரணுக்குப் போகும். அடுத்த வெள்ளையடிப்பில் பழைய பேப்பர் கடைக்கு, எடைக்கு எடை!

ஸ்காட்லாந்தின் ஆறாம் நேப்பியர் பிரபுவும் இப்படி ஒருவர்தான். மடக்கையைக் கண்டுபிடித்த ஜான் நேப்பியர் அவருடைய மூதாதை. அந்த மூதாதையின் வரலாற்றை எழுதத் தொடங்கி, முடிக்காமலே 1773-இல் பிரபு காலமானார். மகள் ஹெஸ்டர் விடவில்லை. கணவரோடு மதுரையில் வசித்தபோது, அப்பாவின் நூலுக்காக நம்மவர்களின் பழைய கணித அறிவைப் பற்றித் தகவல் திரட்டினார். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து 1783-இல் இந்தியா வந்த காலின் மெக்கன்சியை வரவழைத்து, மதுரைப் பண்டிதர்களிடம் அறிமுகப்படுத்தினார்.

பிரபுவின் புத்தகம் கடைசிவரை வரவில்லை. ஆனால் மெக்கன்சிக்குச் சுவடி ஆசை பிடித்தது அங்கேதான் என்று ஹெஸ்டரின் மகன் பிற்காலத்தில் சொன்னார். 1821-இல் மெக்கன்சி இறந்தார். அவர் சேர்த்த சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் அவர் மனைவியிடமிருந்து கம்பெனி 1 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. ஒரு பகுதி இன்றும் சென்னை அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது.

நம் நோட்டுக்கு எந்தக் கம்பெனியும் லட்சம் தராது. வீட்டில் ஹெஸ்டர் மாதிரி ஒரு மகளோ பேத்தியோ இருந்தால், இப்போதே ஒரு நகல் எடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள்.