இரப்பரின் இயல்பை அளத்தல்

தில்லியிலும் லக்னோவிலும் குடியிருக்கும் நம்மவர்களுக்கு மார்கழி, தை மாதங்களில் ஓர் அனுபவம் தவறாமல் கிட்டும். காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாது; எண்ணெய் வெண்மெழுகு போல் உறைந்து நிற்கும். குளிர் செய்த இம்மாறுதலைக் கண் உடனே கண்டுகொள்கிறது. அதே குளிரில் இரப்பரும் மாறுகிறது. ஆனால் அம்மாறுதல் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அதனை அளந்தறியும் முறையையே இன்று காண்போம்.

எஃகுச் சுருளை இழுத்து விட்டால் அக்கணமே பழைய நிலையை அடையும். நாம் இட்ட ஆற்றலைத் திருப்பித் தரும். இது மீள்தன்மை. தேனைக் கரண்டியால் கிளறினால் வழிவிடும். நம் ஆற்றலை வெப்பமாக்கிவிடும். இது பாகுத்தன்மை. சப்பாத்திக்குப் பிசைந்த மாவை விரலால் அழுத்திப் பாருங்கள். குழி மெல்ல மேலெழும், முழுவதும் நிரம்பாது. இரு குணங்களும் அதில் கலந்துள்ளன. இரப்பரும் பிளாஸ்டிக்கும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

மீள்வதில் நேரும் தாமதமே அளவைக்கு அடிப்படையாகும். ஆய்வுக்கூடத்தில் இரப்பர்ப் பட்டை ஒன்றின் இரு முனைகளையும் பற்றுக்கருவியில் பொருத்துவர். மோட்டார் ஒன்று வினாடிக்கு 1 முறை, 10 முறை என்று ஒழுங்காக அதனைச் சிறிதளவு இழுத்து விடும். விசையும் அசைவும் தனித்தனியே பதிவாகும். எஃகில் இரண்டும் ஒருங்கே உச்சமடையும். தேன் போன்ற பாகில் அசைவு கால் சுற்று, அதாவது 90 பாகை, பின்தங்கும். இரப்பர் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அது எத்தனை பாகை பின்தங்குகிறது என்பதைக் கொண்டு, சேமித்த ஆற்றல் எவ்வளவு, வெப்பமாக இழந்தது எவ்வளவு என்று கணக்கிடலாம்.

பட்டையைப் படிப்படியாகக் குளிர்வித்து அளந்தால், ஒரு வெப்பநிலை எல்லையில் அதன் விறைப்பு ஏறத்தாழ ஆயிரம் மடங்கு உயரக் காண்கிறோம். நெகிழ்ந்த இரப்பர் கண்ணாடி போலாகிவிடுகிறது. விரைவாக அசைத்தாலும், குளிர்வித்தாற்போலவே அது விறைக்கும். ஆகவே, ‘இந்த இரப்பர் நல்லதா?’ என்று கேட்பது போதாது. எந்த வெப்பநிலையில், எந்த வேகத்தில் என்றும் கேட்க வேண்டும். டயர் செய்வோர் இவ்வாறே கேட்கின்றனர். 0 டிகிரி சென்டிகிரேடு அருகே ஆற்றல் இழப்பு மிகுந்திருந்தால், டயர் நனைந்த சாலையை நன்கு பற்றும். 60 டிகிரியில் இழப்புக் குறைந்திருந்தால் எரிபொருள் மிச்சமாகும்.

இக்கேள்விக்கு உரிய மதிப்புத் தராததன் விளைவை உலகம் கண்டது. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சாலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73 வினாடிகளில் சிதைந்தது, எழுவர் மாண்டனர். பக்கவாட்டு ராக்கெட்டின் மூட்டில் வெப்ப வாயு கசியாது காக்க வேண்டிய இரப்பர் வளையமே தவறிற்று. ராக்கெட் பற்றியதும் மூட்டு நொடிப்பொழுதில் சற்றே திறக்கும். அதற்குள் நசுங்கிய வளையம் மீண்டெழுந்து இடைவெளியை அடைக்க வேண்டும். அன்று ஏவுதளத்தில் வெப்பநிலை சுமார் 2 டிகிரி. குளிர்ந்த வளையத்திற்கு அவ்விரைவு இல்லை. பின்னர் விசாரணைக் குழுவில் இருந்த பௌதிக அறிஞர் ரிச்சர்டு ஃபைன்மன், பற்றுக்குறட்டில் நெரித்த இரப்பர்த் துண்டைப் பனிக்கட்டி நீரில் இட்டெடுத்து, சில வினாடிகள் வரை அது மீளாததை யாவரும் காணச் செய்தார்.

முந்தின இரவே பொறியியலாளர் சிலர், சுமார் 12 டிகிரிக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று எச்சரித்திருந்தனர். அவர்கள் சொல் ஏற்கப்படவில்லை. நுண்ணிய கருவிகள் நம்மிடம் உள்ளன. அவை பதிவு செய்வதை ஏற்கும் மனமும் நமக்கு வேண்டும். அது இல்லையேல் அளந்தும் பயனில்லை.