பெஞ்ச்ல இருந்து வந்த கோல்

இன்னைக்கு எபிசோட் ஒரு ஃபுட்பால் மேட்ச் பத்தினது. ஃபுட்பால் பார்க்காத ஐ.டி. மக்களும் ஸ்கிப் பண்ணாம கேளுங்க. உங்களுக்கும் இதுல விஷயம் இருக்கு.

2025 மே 24, சனிக்கிழமை. லிஸ்பன்ல ஜோசே அல்வலாடே ஸ்டேடியம். பெண்கள் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல ஆர்சனலும் பார்சிலோனாவும். நான் ரூம்ல தனியா லேப்டாப்ல பார்த்துட்டு இருந்தேன். அப்போ கம்பெனியில நான் ரெண்டாவது மாசமா பெஞ்ச். தெரியாதவங்களுக்கு: பெஞ்ச்னா கையில ப்ராஜெக்ட் கிடையாது. சம்பளம் வரும், ஆனா எத்தனை நாளைக்குன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. வீட்ல நான் சொல்லவே இல்ல. அம்மா போன்ல "வேலையெல்லாம் எப்படிப்பா போகுது?"ன்னு கேட்டா, "போகுதும்மா"ன்னு பேச்சை மாத்திடுவேன்.

சரி, மேட்ச்சுக்கு வருவோம். பார்சிலோனாவுக்கு அது தொடர்ச்சியா அஞ்சாவது ஃபைனல். அதுக்கு முந்தின ரெண்டு வருஷமும் கப் அவங்களுக்குத்தான். 2021ல இருந்து 2024 வரைக்கும் பெண்களுக்கான நாலு பலோன் தோரையும் வாங்கின புட்டெயாசும் பொன்மதியும் அந்த டீம்லதான். செமி ஃபைனல்ல செல்சியை ரெண்டு மேட்ச்லயும் 4-1னு அடிச்சுட்டு வந்திருந்தாங்க.

ஆர்சனல் வந்த பாதையே வேற. செப்டம்பர்ல தகுதிச் சுற்றோட முதல் ரவுண்ட்ல இருந்து ஆரம்பிச்சாங்க. அக்டோபர்ல பயர்ன்கிட்ட 5-2 தோல்வி, கொஞ்ச நாள்லயே கோச் ராஜினாமா. அசிஸ்டன்ட்டா இருந்த ரெனே ஸ்லேகர்ஸ் தற்காலிகமா பொறுப்பு எடுத்தாங்க. ஜனவரியிலதான் அவங்களை நிரந்தரம் பண்ணாங்க. காலிறுதியில ரியல் மாட்ரிட்கிட்ட முதல் மேட்ச் 2-0 தோல்வி, அடுத்தது 3-0 வெற்றி. செமியில லியோன்கிட்ட சொந்த ஊர்ல 2-1 தோல்வி, அப்புறம் லியோனுக்கே போய் 4-1 வெற்றி.

ஃபைனல்ல முதல் பாதியில பார்சிலோனா வலைக்குள்ள ஒரு சேம் சைட் கோல் விழுந்துச்சு. ஆஃப்சைடுன்னு ரத்து பண்ணிட்டாங்க. ரெண்டாவது பாதியில பார்சிலோனாவோட க்ளாவுதியா பீனா அடிச்ச பந்து மேல் கம்பியில பட்டுப் போச்சு. 67-வது நிமிஷம், ஸ்லேகர்ஸ் ஒரே நேரத்துல ரெண்டு பேரை மாத்தினாங்க. உள்ள வந்தது பெத் மீட், ஸ்டீனா பிளாக்ஸ்டீனியஸ்.

பெத் மீட் யாருன்னா, 2022 யூரோவோட சிறந்த வீராங்கனை. அந்த வருஷக் கடைசியில முழங்கால் தசைநார் கிழிஞ்சு 2023 உலகக் கோப்பையே போச்சு. அதே 2023 ஜனவரியில அவங்க அம்மா கேன்சர்ல இறந்துட்டாங்க. அப்படிப்பட்டவங்க 67 நிமிஷம் வெளிய உட்கார்ந்து பார்த்துட்டு இருந்தாங்க.

பிளாக்ஸ்டீனியஸுக்கு வந்த முதல் சான்ஸை கோல்கீப்பர் தடுத்துட்டாங்க. 74-வது நிமிஷம் மீட் ஒரு சின்ன பாஸ் உள்ள தள்ள, பிளாக்ஸ்டீனியஸ் அடிச்சாங்க. கோல்! ஆட்டத்துல மொத்தமே அந்த ஒரு கோல்தான். 2007க்கு அப்புறம் இந்தக் கப் மறுபடி இங்கிலாந்துக்குப் போச்சு. அப்பவும் ஜெயிச்சது ஆர்சனல்தான்.

இப்போ நான், "பார்த்தீங்களா, பெஞ்ச்ல இருக்கறவனுக்கும் ஒரு நாள் வரும்"னு சொல்வேன்னு நினைப்பீங்க. சொல்ல மாட்டேன். அன்னைக்குப் பெஞ்ச்ல இருந்த எல்லாரையும் கூப்பிடல. கம்பெனியிலயும் அப்படித்தான், எல்லாரையும் கூப்பிட மாட்டாங்க.

எனக்கு உறைச்சது வேற. அவங்க ரெண்டு பேரும் அதுவரைக்கும் ஆட்டத்தைக் கவனிச்சுட்டு இருந்தாங்க. உள்ள வந்து ஏழே நிமிஷத்துல எங்க இடம் இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டாங்க. நான் அந்த ரெண்டு மாசமா என்ன பண்ணேன்? லாகின் பண்ணிட்டு ரீல்ஸ் பார்த்தேன். பெஞ்ச்ங்கறது என்மேல எழுதின தீர்ப்புன்னு நானே முடிவு பண்ணி, அதை ஒளிக்கறதுலயே பாதி சக்தியைச் செலவு பண்ணேன்.

மறுநாள் அம்மாகிட்ட உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "இதைச் சொல்ல ரெண்டு மாசமாடா? சாப்பிட்டியா?"ன்னு கேட்டாங்க. ப்ராஜெக்ட் கிடைக்க இன்னும் அஞ்சு வாரம் ஆச்சு. நான் கேட்ட ப்ராஜெக்ட்டும் இல்ல. ஆனா அந்த அஞ்சு வாரம் நான் ஒழுங்காத் தூங்கினேன்.

இப்போ பெஞ்ச்ல இருக்கற யாராவது இதைக் கேட்டுட்டு இருந்தா, முதல்ல வீட்ல சொல்லிடுங்க. மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!