எடைக்குப் போடும் முன்

(விருதுநகர் மாவட்டத்தில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டமொன்றில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



இன்று ஜால்ராவைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. ஒருவருக்கு ஒத்து ஊதுகிறவரை 'ஜால்ரா' என்று சொல்லிச் சொல்லி, அந்தக் கருவியின் பெயரையே வசைச்சொல்லாக்கி விட்டோம். ஆனால் வில்லுப்பாட்டு மேடையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வில்லடிப்பவர், உடுக்கைக்காரர், குடம் தட்டுகிறவர் எல்லோரும் கொஞ்சம் முன்னே பின்னே போகலாம். ஜால்ராக்காரர் மட்டும் தவறக்கூடாது. அவர் தவறினால் பாட்டே தவறிவிடும்.

என் தாய்மாமா அப்படி ஒரு ஜால்ராக்காரர். பகலில் தீப்பெட்டி ஆபீஸ் வேலை. கோயில் கொடை வந்துவிட்டால் இரவெல்லாம் வில்லுப்பாட்டு மேடை. அவர் இறந்த பதினாறாம் நாள், அத்தை ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"உங்க மாமா இத உனக்குத்தான்னு சொல்லிட்டுப் போனாரு. பத்திரமா வச்சுக்கய்யா."

உள்ளே ஒரு ஜோடி தாளம் இருந்தது. கறுத்துப் போயிருந்தது. நடுக்குமிழின் துளையில் இற்றுப்போன நூல்கயிறு. அதன் மதிப்பு என்ன என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு பழைய பாத்திரக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் தராசில் வைத்தார். "முந்நூத்தம்பது கிராம் சார்" என்றார். அவ்வளவுதான் மதிப்பீடு. அவர்மீது குறையில்லை. தராசு எடையைத்தான் சொல்லும்.

நான் செய்ததுதான் பெரிய தவறு. கயிறு அடிக்கடி அறுகிறது, திருகாணி போட்டுவிடலாம் என்று நினைத்தேன். பட்டறைக்குக் கொண்டுபோய், துளையைப் பெரிதாக்கச் சொன்னேன். துளைக்கருவி சுற்றியபோது 'டிக்' என்று ஒரு சத்தம். துளையிலிருந்து விளிம்பு வரை முடிபோல ஒரு கோடு. தட்டிப் பார்த்தேன். பல வினாடி நின்று ஒலித்த தாளம், 'டப்' என்று அடங்கிவிட்டது. எடை அப்படியேதான் இருந்தது, ஒரு கிராம் குறைந்திருக்கலாம். மாமாவின் தாளம் போய்விட்டது.

அறிவியல் ஆசிரியரான எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஓசைக்காக வார்க்கும் வெண்கலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெள்ளீயம், மீதி செம்பு. வெள்ளீயம் கூடக்கூட ஓசை நீளும். உலோகம் நொறுங்கும் தன்மையும் கூடும். நல்ல ஓசை கொடுக்கும் அதே காரணம்தான் அதை உடையவும் வைக்கிறது. அதனால்தான் பெரியவர்கள் அதில் நூல்கயிற்றைக் கோத்தார்கள். கயிறு அறுந்தால் மாற்றிக்கொள்ளலாம். தாளத்தை மாற்ற முடியாது.

அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலோ உங்கள் மாணவர் வீட்டிலோ இப்படி ஒரு பொருள் இருந்தால் உதவும்.

முதலில், துலக்காதீர்கள். புளியும் பொடியும் போட்டுத் தேய்த்தால் பளபளக்கும். ஆனால் பல ஆண்டுகளாகப் படிந்த மேல்படலமும், கை பிடித்த தேய்மானமும், மங்கலான எழுத்துகளும் அத்தோடு போய்விடும். மெல்லிய துணியால் தூசி தட்டினால் போதும்.

இரண்டாவது, கேளுங்கள். கயிற்றைப் பிடித்துத் தொங்கவிட்டு, விளிம்போடு விளிம்பு மெல்லத் தொடுங்கள். ஓசை எத்தனை வினாடி நிற்கிறது என்று எண்ணுங்கள். நல்ல வெண்கலம் நீண்டு ஒலிக்கும். பித்தளை சீக்கிரம் அடங்கும். இரண்டு தட்டுகளும் ஒரே சுருதியில் இல்லாமல் நூலளவு விலகியிருந்தால் ஓசை அலையலையாக ஏறி இறங்கும். மேல்நிலை இயற்பியலில் 'விம்மல்கள்' என்று நடத்துகிறோமே, அதுதான். அது குறையன்று.

மூன்றாவது, பாருங்கள். உள்பக்கம் வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் இருந்தால் கடைசல் பிடித்திருக்கிறார்கள். துளையின் ஒருபக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அது பூஜை அலமாரியில் சும்மா இருந்ததில்லை, மேடையில் உழைத்திருக்கிறது. புள்ளி வைத்துப் பெயர் வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். துதிக்கை போன்ற பழைய வடிவத்தில் 'லை', 'னை' இருந்தால், 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தையதாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்றுதான் சொல்கிறேன். பழக்கத்தால் அதற்குப் பிறகும் பலர் அப்படியே எழுதினார்கள். அது ஒரு துப்பு, சான்று அன்று.

நான்காவது, அடர்த்தி. ஆர்க்கிமிடீஸ் முறையில் கண்டுபிடித்துவிடலாம் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் உற்சாகமாகச் சொல்வார்கள். செய்யவிடுங்கள். ஆனால் துத்தநாகத்தின் அடர்த்தி 7.1, வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3. செம்போடு எதைக் கலந்தாலும் விடை எட்டரையை ஒட்டியே வரும். நம் அளவுச் சாடியின் பிழை அந்த வேறுபாட்டைவிடப் பெரிது. கருவியின் எல்லையை மாணவர் தானே கண்டறிய இதைவிட நல்ல செய்முறை எனக்குத் தெரியாது. தராசு சொல்லாததைக் காது சொல்லும்.

ஐந்தாவது, காந்தம். இதில் ஒரு கதை இருக்கிறது.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வீட்டிலிருந்து ஒரு ஜோடி கொண்டுவந்தாள். காந்தத்தைக் காட்டினோம். ஒரு தட்டு ஒட்டவில்லை, மற்றது 'டக்'கென்று ஒட்டியது. "டூப்ளிகேட்!" என்று வகுப்பே கத்தியது. கடைக்காரரும் அவள் அம்மாவிடம் "ஜோடி மாறிப்போச்சு, ஒண்ணுக்குத்தான் காசு" என்று சொல்லியிருந்தாராம். மழைக்காலம், பட்டாசு ஆலையில் வேலை குறைவு. அந்தக் காசு அவர்களுக்குத் தேவை.

நானும் தலையாட்டியிருப்பேன். நல்லவேளையாக ஒரு கேள்வி கேட்டேன். "இது யாரோடதும்மா?"

"அம்மாச்சியோட அப்பாவோடது சார். டான்ஸ் ஆடுற பிள்ளைகளுக்குத் தாளம் போடுவாராம்."

அந்த ஒரு பதிலில் எல்லாம் விளங்கியது. நட்டுவாங்கத் தாளத்தில் ஒரு தட்டு வெண்கலம், மற்றது இரும்பு அல்லது எஃகு. அப்படித்தான் செய்வார்கள். ஜோடி மாறவில்லை, அதுதான் ஜோடி. காந்தம் பொய் சொல்லவில்லை, நாம்தான் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதப் பார்த்தோம்.

இஸ்தான்புல்லில் 1623இல் தொடங்கிய சில்ஜியான் குடும்பத்தார் வார்க்கும் பெரிய தாளத் தட்டுகளில் அவர்களுடைய முத்திரை இருக்கும். சேகரிப்பவர்கள் அந்த முத்திரையின் வடிவத்தைப் பார்த்தே காலத்தைக் கணிக்கிறார்கள். நம் ஊர்த் தாளங்கள் பெரும்பாலானவற்றில் முத்திரை கிடையாது. அம்மாச்சியின் நினைவுதான் முத்திரை. அம்மாச்சி போய்விட்டால் முத்திரையும் போய்விடும்.

பக்கத்தில் வெம்பக்கோட்டையில் 2022 முதல் நடந்த அகழாய்வைப் பலர் மாணவர்களோடு பார்த்திருப்பீர்கள். ஒரு சிறு மணி கிடைத்தாலும், எந்தக் குழியில், எவ்வளவு ஆழத்தில் என்று குறித்துக்கொண்டுதான் எடுக்கிறார்கள். வீட்டுப் பொருளுக்கும் அதே விதிதான். யாருடையது, எங்கே வாங்கியது, எந்தக் கோயிலில் ஒலித்தது என்று கேட்டு, பெரியவர்கள் இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும். விட்டம், எடை, படம், கைப்பேசியில் பதிந்த ஓசை எல்லாம் ஒரே நோட்டில் இருக்கட்டும்.

பிறகு மதிப்பு. பழைய உலோகமாக ஒரு விலை. அதுதான் மிகக் குறைவு. வாசிக்கிறவர் கொடுக்கும் விலை வேறு. அவர் ஓசைக்குக் கொடுப்பார். நூறு ஆண்டைத் தாண்டியது என்று தோன்றினால் மாவட்ட அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியரிடம் காட்டுங்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த இத்தகைய கலைப்பொருள் தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

அந்த மாணவியின் அம்மா தாளத்தை விற்றுவிட்டார். பழைய பாத்திரக் கடையில் அல்ல, ஒரு நடன ஆசிரியரிடம். இரண்டு தட்டுக்கும் சேர்த்தே காசு கிடைத்தது. விற்றதில் எனக்கு வருத்தமில்லை. வீட்டில் அடுப்பெரிய வேண்டும். தாளமும் ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும். தெரியாமல் விற்பதுதான் நஷ்டம். கொள்ளுத்தாத்தாவின் பெயரும் தாளத்தின் ஓசையும் அந்தப் பெண்ணிடம் பத்திரமாக இருக்கின்றன.

சீர்காழிக்குப் பக்கத்தில் திருக்கோலக்கா என்ற தலம் இருக்கிறது. கை நோகத் தாளமிட்டுப் பாடிய குழந்தை சம்பந்தருக்கு இறைவன் பொற்றாளம் கொடுத்தார் என்பது தலவரலாறு. பொன் விலை உயர்ந்தது, ஆனால் ஒலிக்காது. அதற்கு ஓசையைக் கொடுத்தவர் அம்மன். அதனால் அந்த அம்மனுக்கு ஓசை கொடுத்த நாயகி என்றே பெயர். விலை வேறு, மதிப்பு வேறு என்பதை எட்டாம் வகுப்புக்கு விளக்க எனக்கு இந்தக் கதை போதுமானதாக இருக்கிறது.

மாமாவின் தாளத்தை இப்போது வகுப்பில் வைத்திருக்கிறேன். ஆண்டுதோறும் ஜூன் மாதம் ஒலி பற்றிய பாடத்தோடு அதை எடுக்கிறேன். முதலில் நல்ல தட்டைத் தட்டுகிறேன். பிள்ளைகள் விரல்விட்டு வினாடிகளை எண்ணுகிறார்கள். பிறகு விரிசல் விட்டதைத் தட்டுகிறேன். 'டப்'. "ஏன் சார் இது மட்டும் இப்படி?" என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. "நான்தான் உடைச்சேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குகிறேன்.

உங்கள் பள்ளிக்கும் ஏதாவது ஒரு துணி முடிச்சு வரும். தாளமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. உழக்கோ, அரிவாளோ, தறி நாடாவோ எதுவாகவும் இருக்கலாம். தராசை எடுக்கும் முன் ஒரு நிமிடம் ஒதுக்கி, "இது யாரோடது?" என்று கேளுங்கள்.