நெடுநாள் ஓய்வின் பின் உடற்பயிற்சி



மனத்திற்கு ஒரு வயதும் உடலுக்குப் பிறிதொரு வயதுமாக அமைந்துவிடுவதுண்டு. இவ்வுண்மையை நான் நூலிற் கற்கவில்லை. விளையாட்டுத் திடலில் வீழ்ந்து கற்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியின் முடிவில் ஆசிரியர்களுக்கான ஓட்டம் ஒன்று நடைபெற்றது. மாணவப் பருவத்தில் 100 மீற்றர் ஓடிப் பரிசு பெற்றவன் என்னும் நினைவு என்னை உந்திற்று. அதன்பின் 20 ஆண்டுகள் நாற்காலியிற் கழிந்தன என்பதையும், நிறை 18 கிலோ ஏறிவிட்டது என்பதையும் அந்நினைவு மறைத்துவிட்டது. பத்தடி எடுத்து வைப்பதற்குள் கெண்டைக்காலிற் கல் பட்டாற்போன்ற வலி. மாணவர் முன்னிலையில் வீழ்ந்தேன். தசையிழைகள் கிழிந்துள்ளன என்றார் வைத்தியர். வலி ஆறு வாரத்தில் நீங்கியது. நாணமோ ஈராண்டாகியும் நீங்கவில்லை. 'இனி நமக்கு இது ஆகாது' என்று அமர்ந்துவிட்டேன். நிறை மேலும் கூடியது. இரத்தத்திற் சீனியும் எல்லையைத் தொட்டு நின்றது.

'இனி ஆகாது' என்னும் அம்முடிவு சரியானதா? இதற்கு விடை தரும் ஓர் ஆராய்ச்சி உண்டு. 1966 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டலஸ் நகரில், 20 வயதுடைய ஆரோக்கியமான இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்தனர். உழைக்கும்போது ஒட்சிசனைப் பயன்படுத்தும் அவர்தம் ஆற்றல் கால்பங்குக்கு மேற் குன்றிற்று. 30 ஆண்டுகளின் பின், 1996 இல், அதே ஐவரையும் மீண்டும் அழைத்தனர். சராசரியாக 77 கிலோவாக இருந்த நிறை 100 கிலோவாகியிருந்தது. ஆயினும், மூன்று வாரப் படுக்கை விளைத்த அளவு நட்டத்தை முப்பதாண்டு மூப்பு விளைக்கவில்லை! பின்னர் நடை, மெல்லோட்டம், துவிச்சக்கரவண்டி என ஆறு மாதம் சிறிது சிறிதாகப் பயிற்றுவித்தபோது, அவ்வாற்றல் இருபது வயதிற் படுக்கைக்குச் செல்லுமுன் இருந்த நிலைக்கே மீண்டது. நிறையோ சிறிதளவே குறைந்தது.

ஐவரைக் கொண்டு உலகனைத்துக்கும் விதி வகுத்தல் ஆகாது. எனினும் இரண்டு பாடங்கள் தெளிவு. உடல் நம்மைக் கைவிடுவதில்லை. நாமே அதனைக் கைவிடுகிறோம். தராசு முள் அசையவில்லை என்று மனந்தளர்வோர், உள்ளே இருதயம் வலுப்பெறுவதை அறியாதோராவர்.

தொடங்குமுன் வைத்தியரைக் காணுங்கள். நெஞ்சு நோவு, இரத்த அழுத்தம், நீரிழிவு உடையோர்க்கு இது இன்றியமையாதது. இன்சுலினோ, சீனியைக் குறைக்கும் மாத்திரையோ கொள்வோர் வெறும் வயிற்றுடன் நடக்கப் புறப்படலாகாது. முதல் வாரம் சமதரையில் 10 நிமிட நடை போதும். நடக்கையிற் பேச இயலவேண்டும். பேச மூச்சு வாராதாயின் வேகம் மிகுதி என்றறிக. வாரந்தோறும் சில நிமிடங்களே கூட்டுக. உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை என வகுத்தது. அது சென்றடையும் ஊரேயன்றிப் புறப்படும் வாயிலன்று. வெளியே செல்ல வாய்ப்பில்லாப் பெண்மணிகளுக்கு வீட்டு முற்றமே போதிய திடலாகும்.

இன்னுமொன்று. மூச்சு சில வாரங்களிற் சீர்ப்படும். மூட்டும் தசைநாணும் உறுதிபெற மாதங்கள் செல்லும். ஆதலின் மூச்சு 'ஓடு' என்றாலும் முழங்காலின் சம்மதத்தையும் கேட்டல் வேண்டும். எங்கள் ஒலுவிற் கரையின் இளமணலில் நடப்பதற்கு வன்தரையினும் இரு மடங்குக்கு மேற்பட்ட உழைப்பு வேண்டும். புதிதாகத் தொடங்குவோர் வீதியோரத்தையே நாடுக. வெயில் ஏறுமுன், சுபஹுத் தொழுகையின் பின்னுள்ள நேரம் உகந்தது. நெஞ்சில் இறுக்கம், கையிலோ தாடையிலோ பரவும் நோவு, தலைச்சுற்றல், குளிர்ந்த வியர்வை இவற்றுள் எது தோன்றினும் உடனே நின்றுவிடுங்கள்; 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வருவியுங்கள்.

நான் மீண்டும் நடக்கத் தொடங்கிய நாட்களில், கரைவலை இழுக்கும் முதியவர் ஒருவர் என்னை நிறுத்திச் சொன்னார்: "சேர், வலைக்குப் புதுசா வாறவன் முதல் நாளே முழுப் பலத்தையும் காட்டினா, மறுநாள் கரைக்கு வரமாட்டான்." டலஸ் நகரத்து அறிஞர் ஆறு மாதம் உழைத்துக் கண்டதை அவர் ஒரு வாக்கியத்தில் அடக்கிவிட்டார்.

சென்ற இல்ல விளையாட்டுப் போட்டியிலும் ஆசிரியர் ஓட்டம் இருந்தது. நான் ஓடவில்லை. போட்டி முடிந்து திடல் வெறிச்சோடிய பின், அதனை மூன்று முறை நடந்து சுற்றினேன். பரிசு இல்லை, ஆனால் மறுநாட் காலையும் நடக்க முடிந்தது. அதுவே போதும்.