நூறு ரூபாய்க்கு ஒரு லிட்டர்கூட வரல: பெட்ரோல் வரியில யாருக்கு எவ்வளவு?

(எபிசோடின் எழுத்து வடிவம். பதிவு செய்த மாதம்: ஜூன் 2025. திரும்பத் திரும்ப வந்த இடங்களை வெட்டியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

மந்தாரக்குப்பத்துலேர்ந்து மறுபடியும் நான். போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் நோட்டுல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "கச்சா எண்ணெய் விலை குறைஞ்சிருச்சாமே, நம்ம பங்க்ல ஏன்ப்பா குறையல?" ரெண்டு பேர் நடுவுல கொஞ்சம் கெட்ட வார்த்தையும் சேர்த்திருந்தாங்க. அதை எடுத்துட்டுப் பார்த்தாலும் கேள்வி நியாயமானதுதான். அதனால இன்னைக்கு டெக் பேச்சுக்கு லீவு, பெட்ரோல்தான்.

ஒரு பழைய ஜோக் இருக்கு, எல்லாருக்கும் தெரியும். "பெட்ரோல் விலை ஏறினா எனக்கென்ன, நான் எப்பவும் நூறு ரூபாய்க்குத்தான் போடுறேன்." நம்ம ஊர் பங்க்ல ஒரு பத்து நிமிஷம் நின்னு பாருங்க, இது ஜோக்கே இல்லன்னு தெரியும். "ஃபுல் பண்ணுங்க"ன்னு கேக்குறவங்க எத்தனை பேர்? அம்பதுக்கு, நூறுக்கு, சம்பளம் வந்த வாரம் இருநூறுக்கு. இப்படிப் போடுற ஆளுக்கு விலையேற்றம் போர்டுல தெரியாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் வர வேண்டிய பெட்ரோல் வியாழக்கிழமையே ரிசர்வுக்கு வந்துடும், அப்பதான் தெரியும். இன்னைக்கு நம்ம பக்கம் லிட்டர் 102 ரூபாய் சொச்சம். அதாவது நூறு ரூபாய்க்கு ஒரு லிட்டர்கூட வராது.

சரி, அந்த நூறு எங்க போகுது? சென்னை விலையை, லிட்டர் ஏறக்குறைய 100 ரூபாய் 80 காசுன்னு வச்சுக்குவோம். நம்ம கடலூர் மாவட்டத்துல லாரி வாடகை சேர்ந்து ஒன்னு ஒன்றரை ரூபாய் கூட வரும். அதை விட்டுடுங்க.

மத்திய அரசோட கலால் வரி லிட்டருக்கு 21 ரூபாய் 90 காசு. இது சதவீதம் இல்ல, நிலையான தொகை. அடுத்து மாநில அரசோட வாட். தமிழ்நாட்டுல அது 13 சதவீதம், அதோட லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. இந்த 13 சதவீதம் கலால் வரியையும் சேர்த்த தொகை மேலதான் போடுறாங்க. வரிக்கு மேல வரி. கணக்குப் போட்டா வாட் மட்டும் 21 ரூபாய் 50 காசுக்கு மேல வருது.

பார்த்தீங்களா? மத்திய அரசு கிட்டத்தட்ட 22, மாநில அரசு கிட்டத்தட்ட 22. ரெண்டும் சேர்ந்து 43 ரூபாய் சொச்சம். பங்க்காரருக்குக் கமிஷன் நாலு ரூபாய்க்கு மேல. மிச்சம் அம்பத்திரண்டு, அம்பத்திமூணு ரூபாய்தான் எண்ணெய், சுத்திகரிப்பு, கம்பெனி லாபம் எல்லாம். டீக்கடையில ஒருத்தர் "எல்லாம் மோடி"ம்பார், எதிர்ல இருக்கறவர் "எல்லாம் ஸ்டாலின்"ம்பார். ரெண்டு பேருக்கும் சரிபாதி மார்க் போடலாம்.

ஆனா அந்த 21.90 உள்ள என்ன இருக்குன்னு பார்த்தா கதை கொஞ்சம் மாறுது. அடிப்படை கலால் வரி வெறும் 1 ரூபாய் 40 காசு. சிறப்புக் கூடுதல் கலால் வரி 13 ரூபாய். சாலை, உள்கட்டமைப்பு செஸ் 5 ரூபாய். விவசாய உள்கட்டமைப்பு செஸ் 2 ரூபாய் 50 காசு. மாநிலங்களோட பங்கு போட்டுக்க வேண்டியது இதுல எது? அந்த 1.40 மட்டும்தான். செஸ்ஸும் கூடுதல் வரியும் முழுசா டெல்லிக்கு.

15ஆவது நிதிக்குழு சொன்னபடி பகிர வேண்டியது 41 சதவீதம். 1.40ல 41 சதவீதம் 57 காசு. அது எல்லா மாநிலத்துக்கும் சேர்த்து. அதுல தமிழ்நாட்டுப் பங்கு 4.079 சதவீதம். ஒரு லிட்டருக்கு ரெண்டே கால் காசு சொச்சம். நான் மூணு தடவை கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்தேன், பாயிண்ட் எங்கயாவது தள்ளிப் போச்சோன்னு. இல்ல, அவ்வளவுதான். "மாநிலம் ஏன் வாட்டை விட மாட்டேங்குது"ன்னு கேக்குறப்ப இந்த ரெண்டே கால் காசு ஞாபகம் இருக்கணும்.

இப்ப கேள்விக்கு வரேன். கச்சா எண்ணெய் குறைஞ்சா நமக்கு ஏன் குறையல?

2014 ஏப்ரல்ல பெட்ரோல் மேல கலால் வரி 9 ரூபாய் 48 காசு. அந்த வருஷம் நடுவுல நூறு டாலருக்கு மேல இருந்த பேரல், 2016 ஜனவரியில முப்பது டாலருக்குக் கீழ போச்சு. உலகமே மலிவா எண்ணெய் வாங்கின நேரம். இங்க 2014 நவம்பர்லேர்ந்து 2016 ஜனவரிக்குள்ள 9 தடவை கலால் வரியை ஏத்தினாங்க. 21 ரூபாய் 48 காசுக்கு வந்துச்சு. விலை இறங்க வேண்டிய இடத்தை வரி வந்து நிரப்பிடுச்சு.

அடுத்தது கொரோனா. 2020 ஏப்ரல் 20 அன்னைக்கு அமெரிக்கச் சந்தையில ஒரு பேரல் விலை மைனஸ்ல போச்சு, எடுத்துட்டுப் போறவனுக்குக் காசு குடுக்கிற நிலைமை. ரெண்டு வாரம் கழிச்சு, மே மாசத்தோட முதல் வாரத்துல, முதல்ல தமிழ்நாடு அரசு வாட் முறையை மாத்துச்சு. அதுவரைக்கும் 34 சதவீதம்னு இருந்ததை 15 சதவீதம், அதோட 13 ரூபாய் 2 காசுன்னு ஆக்கினாங்க. பெட்ரோல் லிட்டருக்கு 3 ரூபாய்க்கு மேல ஏறிச்சு. ஏன் இந்த மாத்தம்? சதவீதமா வச்சா எண்ணெய் விலை விழும்போது வருமானமும் விழும். பாதியை நிலையான தொகையா வச்சுட்டா கீழ ஒரு தரை கிடைக்கும். அரசாங்கத்துக்குத் தரை, நமக்குச் சுவர். அதே வாரம் மத்திய அரசு கலால் வரியை ஒரே அடியா 10 ரூபாய் ஏத்துச்சு. மார்ச்ல ஏற்கனவே 3 ரூபாய். மொத்தம் 32 ரூபாய் 98 காசு. அந்த 2020-21ல பாதி வருஷம் நாடு வீட்டுக்குள்ள இருந்துச்சு. ஆனா பெட்ரோலியப் பொருள் மேல கலால் வசூல் 3.7 லட்சம் கோடி. முந்தின வருஷம் 2.2 லட்சம் கோடிதான்.

அப்புறம் குறைக்கவும் செஞ்சாங்க, அதையும் சொல்லணும். 2021 நவம்பர்ல 5 ரூபாய், 2022 மே மாசம் 8 ரூபாய். மாநிலத்துல, தி.மு.க. தேர்தல் அறிக்கையில பெட்ரோலுக்கு 5 ரூபாய், டீசலுக்கு 4 ரூபாய்னு சொன்னாங்க; 2021 ஆகஸ்ட் 13 பட்ஜெட்டுல பழனிவேல் தியாகராஜன் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைச்சார், டீசல்ல கை வைக்கல. வருஷத்துக்கு 1,160 கோடி இழப்புன்னு கணக்கு சொன்னார். அதே உரையில மாநிலத்துல 2.63 கோடி டூவீலர் இருக்குன்னும், அது உழைக்கிற ஏழைகளோட வாகனம்னும் சொன்னார். அந்தப் புரிதல் சரியானது. ஆனா மீதி ரெண்டு ரூபாய் இன்னும் வரல.

இது எப்படின்னா, சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி. ஒரு பக்கம் மிதிச்சா சக்கரம் சுத்தும், மறுபக்கம் மிதிச்சா சும்மா கட கடன்னு சத்தம் மட்டும் வரும். உலக விலை ஏறினா பங்க்ல ஏறும். உலக விலை இறங்கினா வரி ஏறும்.

2017 ஜூன் 16லேர்ந்து தினமும் காலை ஆறு மணிக்கு விலை மாறும்னு ஒரு ஏற்பாடு வந்துச்சே, அது என்ன ஆச்சு? 2021 நவம்பர்லேர்ந்து 2022 மார்ச் 22 வரைக்கும் விலை அசையவே இல்ல. உத்தரப்பிரதேசம் உட்பட அஞ்சு மாநிலத் தேர்தல் நேரம். உக்ரைன் போர் ஆரம்பிச்சு எண்ணெய் எகிறுது, இங்க பங்க் போர்டு தூங்குது. தேர்தல் முடிவு வந்ததும் 16 நாள்ல 14 தடவை ஏத்தி 10 ரூபாய் கூட்டிட்டாங்க. அதுக்கப்புறம் நாம பார்த்த பெரிய மாத்தம், அந்த 8 ரூபாய் வரிக்குறைப்பும், மக்களவைத் தேர்தல் தேதி அறிவிக்கறதுக்கு முந்தின நாள், 2024 மார்ச் 15ல வந்த 2 ரூபாய் குறைப்பும்தான். ஆறு மணி விலைன்னு ஒன்னு பேருக்கு இன்னும் இருக்கு. நடுவுல மூணு பொதுத்துறை எண்ணெய்க் கம்பெனியும் சேர்ந்து 2023-24ல 80,000 கோடிக்கு மேல லாபம் காட்டினாங்க. முந்தின வருஷம் அவங்களுக்கு அடி விழுந்தது உண்மை, அதையும் மறைக்கல. கடைசியா இந்த ஏப்ரல்ல கச்சா எண்ணெய் விழுந்துச்சு. உடனே கலால் வரி 2 ரூபாய் ஏத்தியாச்சு. "பங்க் விலை ஏறாது"ன்னு அறிவிப்பு. ஏறலதான். இறங்க வேண்டியது இறங்கல, அவ்வளவுதான் விஷயம்.

இதை யார் கட்டுறாங்க? இதுதான் எனக்கு உறுத்துற இடம்.

என் பெரியப்பா பையன், சுரங்கத்துல காண்ட்ராக்ட் வேலை. வீடு கம்மாபுரம் பக்கம். ஷிஃப்ட் நேரத்துக்கு அந்த ரூட்ல பஸ் ஒத்து வராது. விடியக்காலை ஷிஃப்டுக்குப் போகணும்னா வண்டிதான், ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வரணும்னாலும் வண்டிதான். வேலைக்குப் போக வர, பசங்களை ஸ்கூல்ல விட, எல்லாம் சேர்த்து நாளைக்கு 45 கிலோமீட்டர். மாசம் 26 நாள். நூறு சிசி வண்டி, லிட்டருக்கு 50 வருதுன்னு வச்சுக்குங்க. 23 லிட்டர் சொச்சம். 2,400 ரூபாய். அதுல வரி மட்டும் ஆயிரம் ரூபாய். வருஷத்துக்கு 12,000.

இந்த பிப்ரவரியில மத்திய பட்ஜெட்டுல வருஷம் 12 லட்சம் வரைக்கும் சம்பாதிச்சா வருமான வரி இல்லன்னு அறிவிச்சாங்க. என் ஆபீஸ் வாட்ஸப் குரூப்ல அன்னைக்கு தீபாவளி. நான் பாதி நாள் வீட்லேர்ந்து லேப்டாப்ல வேலை பாக்குற ஆளு. எனக்கு மாசம் நாலு லிட்டர் போதும், வரி 175 ரூபாய். எங்க அண்ணன் என்னைவிட ஆறு மடங்கு பெட்ரோல் வரி கட்டுறார், சம்பளம் என்னுதுல ஒரு பங்கு. "வரி கட்டுறவன் காசுல இலவசம் குடுக்குறாங்க"ன்னு ஃபார்வர்ட் அனுப்புற நண்பர்களே, இந்தக் கணக்கையும் கொஞ்சம் ஃபார்வர்ட் பண்ணுங்க.

பெண்களுக்கு டவுன் பஸ்ல கட்டணம் இல்லன்னு 2021ல வந்தது பெரிய விஷயம், எங்க அம்மாவே அதுலதான் போறாங்க. ஆனா பஸ் வராத நேரத்துல இலவசத்துக்கு என்ன அர்த்தம்?

"பாண்டிச்சேரில போய் போட்டுக்கலாமே"ன்னு ஒரு நேயர் கேட்டிருந்தார். அங்க வாட் கம்மி, லிட்டருக்கு அஞ்சாறு ரூபாய் மிச்சம். கடலூர்க்காரங்க எல்லை தாண்டினதும் முள்ளோடையில போட்டுட்டு வர்றது வழக்கம்தான். நமக்கு இங்கேர்ந்து அங்க போக ஏறக்குறைய 50 கிலோமீட்டர். போக வர நூறு. அதுக்கே ரெண்டு லிட்டர், 200 ரூபாய். பத்து லிட்டர் டேங்க் நிரப்பினா மிச்சம் 60. தம்பி, வேற வேலை இருந்தா போய்ட்டு அப்படியே போட்டுக்குங்க, இதுக்குன்னு போகாதீங்க.

அடுத்து, "ஜிஎஸ்டில கொண்டு வந்தா எல்லாம் சரியாயிடும்"ங்கறாங்க. பெட்ரோல், டீசல், கச்சா எண்ணெய், விமான எரிபொருள், இயற்கை எரிவாயு, அஞ்சும் ஜிஎஸ்டிக்கு வெளியதான் இருக்கு. எப்ப உள்ள வரும்னு ஜிஎஸ்டி கவுன்சில்தான் தேதி சொல்லணும். 2021 செப்டம்பர்ல லக்னோ கூட்டத்துல பேச்சு வந்துச்சு, "இப்ப நேரமில்ல"ன்னு முடிச்சுட்டாங்க. ஏன்னு நாமளே கணக்குப் போடலாம். எண்ணெயும் கமிஷனும் 57 ரூபாய், அதுக்கு 28 சதவீதம் ஜிஎஸ்டின்னா விலை 73 ரூபாய்க்கு வரும். லிட்டருக்கு 27 ரூபாய் ரெண்டு அரசாங்கத்துக்கும் போச்சு. எந்தக் கட்சியும் ஆட்சிக்கு வந்தபிறகு இதுக்குக் கை தூக்காது. எதிர்க்கட்சியா இருக்கும்போது மாட்டு வண்டி, சைக்கிள் எல்லாம் வரும். 1973ல வாஜ்பாய் மாட்டு வண்டியில பார்லிமென்டுக்கு வந்தார். 2021ல விஜய் சைக்கிள்ல ஓட்டுப் போடப் போனதைக்கூட பெட்ரோல் விலைக்கு எதிர்ப்புன்னு எடுத்துக்கிட்டாங்க, பூத் பக்கத்துல இருந்துச்சுன்னு அவர் தரப்புல விளக்கம் சொன்னாங்க. அதே விஜய்தான் 2020ல நம்ம நெய்வேலியில வேன் மேல ஏறி செல்ஃபி எடுத்தவர், அதை ஊர் இன்னும் மறக்கல.

செஸ் விளையாட்டு நம்ம ஊருக்குப் புதுசும் இல்ல. நம்ம மண்ணுலேர்ந்து வெட்டுற பழுப்பு நிலக்கரிக்கு 2010ல டன்னுக்கு 50 ரூபாய் தூய்மை ஆற்றல் செஸ் போட்டாங்க. 2016ல அது 400 ஆச்சு. 2017ல ஜிஎஸ்டி வந்ததும் அதே 400 இழப்பீட்டு செஸ்னு பேர் மாறிச்சு. காத்து தூய்மையாச்சான்னு காலையில மொட்டை மாடியில காயப்போட்ட வேட்டியைப் பார்த்துச் சொல்லுங்க.

பெட்ரோலுக்கு வரியே வேணாம்னு நான் சொல்லல. கச்சா எண்ணெய்ல 80 சதவீதத்துக்கு மேல வெளிநாட்டுலேர்ந்து வாங்குற நாடு, அதை வீணடிக்கக் கூடாதுன்னு வரி போடுறது தப்பில்ல. ஆனா எரிபொருள் வரி, வேற வழி இருக்கிறவங்களை அந்த வழிக்குத் தள்ளணும். வழியே இல்லாதவங்ககிட்ட அது வெறும் வசூல். அந்த சிறப்புக் கூடுதல் வரி 13 ரூபாய்ல பாதியை அடிப்படை வரிக்கு மாத்தினாலே மாநிலத்துக்குப் பங்கு வரும், வாட்டைக் குறைக்காததுக்கு அப்புறம் சாக்கு சொல்ல முடியாது. பங்க் பில்லுல எண்ணெய் எவ்வளவு, வரி எவ்வளவுன்னு அச்சடிக்கலாம். அஞ்சு ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டுல எடையைப் போடச் சொல்ற நாடு இது. ஷிஃப்ட் நேரத்துக்கு கிராமத்துக்கு பஸ் விடுறதுக்கு டெல்லியைக் கேக்க வேண்டியதே இல்ல.

பஸ் விஷயத்தைத்தான் அடுத்த எபிசோடுல எடுக்கறேன். ஊத்தங்கால், கம்மாபுரம், இருப்புக்குறிச்சி பக்கம் இருக்கிறவங்க உங்க ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, முதல் பஸ் எத்தனை மணிக்கு, உங்க ஷிஃப்ட் எப்ப முடியுது, இந்த மூணை மட்டும் வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அரை நிமிஷத்துக்குள்ள.