உத்தரவுப் பிள்ளைகள்



'குடும்பத்தைக் காப்பது அதிகாரமா? அன்பா?' என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் என்ன சொன்னாரு? "பொம்பளைங்களையும் வயசுப் பிள்ளைங்களையும் ஒரு பிடிக்குள்ளே வைக்கணும். வீடானாலும் நாடானாலும் அதுதான் வழி"ன்னாரு. வீராவேசமாச் சொல்லிட்டுத் திரும்பினா, முன்வரிசையிலே அவங்க வீட்டம்மா! அதுக்கப்புறம் மனுஷனுக்குக் குரலே எழும்பலை. (சிரிப்பு)

போகட்டும். அவர் சொன்ன பிடியை நிஜமாகவே பிடிச்சுப் பார்த்த ஒருத்தன் இருந்தான் ஐயா. ருமேனியா நாட்டை 1965 முதல் 1989 வரை ஆண்ட சௌசெஸ்கு. ஜனத்தொகை பெருகணும், தொழிற்சாலைக்கு ஆள் வேணும் என்பது அவன் கணக்கு. 1966 அக்டோபரில் ஓர் உத்தரவு போட்டான். அதன் எண் 770. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்கணும், இல்லே நாலு பிள்ளை பெத்திருக்கணும். இப்படிச் சில விலக்குகளைத் தவிர, கருக்கலைப்பு குற்றம். கருத்தடைச் சாதனமோ கடையிலே கிடைக்காது.

அதோடு விட்டானா? பிற்பாடு, பெண்கள் வேலை பார்க்கிற இடத்துக்கே மருத்துவரை அனுப்பினான். யார் கர்ப்பம், யார் இல்லைன்னு சோதனை! இருபத்தஞ்சு வயசு தாண்டிப் பிள்ளை இல்லேன்னா மாசாமாசம் வரி. ஆணுக்கும் உண்டு, கல்யாணமே ஆகாதவனுக்கும் உண்டு. பாவம், பொண்ணு கிடைக்காம அலையறவன் தலையிலே வரி வேற! (சிரிப்பு)

சிரிச்சாச்சு. இனிமே சிரிக்க முடியாது.

1966-ல் அங்கே பிறந்த குழந்தைகள் சுமார் 2,73,000. 1967-ல் சுமார் 5,27,000. ஒரே வருஷத்திலே ஏறக்குறைய இரண்டு மடங்கு. "பார்த்தீங்களா, சட்டம் ஜெயிச்சுது"ன்னு எதிரணி கைதட்டலாம். கொஞ்சம் பொறுங்க. 1983-க்குள்ளே பிறப்பு விகிதம் பழையபடி 1966 அளவுக்கே இறங்கிப் போச்சு. எப்படி? மருத்துவமனைக் கதவு மூடின பிறகு பின்வாசல் கதவு திறந்தது. யாரோ ஒருத்தி வீட்டு அடுப்படியிலே, யாருக்கும் தெரியாம.

அப்படிப் போன ஒரு பெண்ணை நினைச்சுப் பாருங்க தாய்மார்களே. ரத்தப் போக்கோட மருத்துவமனைக்கு வர்றா. அங்கே வைத்தியம் தெரிஞ்ச டாக்டர் நிக்கிறார், ஆனா கை வைக்கப் பயம். கட்டிலுக்குப் பக்கத்திலே அதிகாரி. "யார் செஞ்சது? பேரைச் சொல்லு, அப்புறம் வைத்தியம்." சொன்னா இன்னொருத்தி ஜெயிலுக்குப் போவா. சொல்லாட்டி இவ போவா, திரும்பி வராத ஊருக்கு. வீட்டிலே ஏற்கெனவே பிறந்த பிள்ளைகள் வாசலைப் பார்த்துக்கிட்டு நிக்கும். ரெண்டு பிள்ளை பெத்தவ நான். இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. அந்த 23 வருஷத்திலே இப்படிச் செத்த பெண்கள் ஏறத்தாழ பத்தாயிரம் பேர்.

பெறு, பெறுன்னு சொன்னவன் சோறு போட்டானா? வெளிநாட்டுக் கடனை அடைக்கணும்னு 1980-களில் விளைஞ்சதை ஏற்றுமதி பண்ணிட்டு, ஜனங்களுக்கு ரொட்டியையும் எண்ணெயையும் அளந்து கொடுத்தான். வளர்க்க வழியில்லாம பெத்தவங்களே பிள்ளையைக் கொண்டுபோய் அரசாங்க விடுதியிலே விட்டாங்க. 1989-ல் ஆட்சி போனப்போ அந்த விடுதிகளில் ஒரு லட்சத்துக்கும் மேலே பிள்ளைகள். அவங்களை அனாதைன்னு சொல்றோம். பெரும்பாலானவங்களுக்கு அப்பா, அம்மா உயிரோடதான் இருந்தாங்க ஐயா!

மத்தப் பிள்ளைகளை அரசாங்கம் வளர்த்த அழகைக் கேளுங்க. நாலு வயசிலே 'தாய்நாட்டு ராஜாளி'ன்னு ஓர் அமைப்பிலே சேர்த்துச் சீருடை. ஏழு வயசிலே கழுத்திலே சிவப்புத் துணி. பாடப் புத்தகத்தைத் திறந்தா முதல் பக்கத்திலே சௌசெஸ்கு படம். அறுவடை வந்தா மாணவர்களெல்லாம் வயலுக்கு. ஊரிலே அவங்களுக்கு ஒரு பேரே வந்துடுச்சு, 'உத்தரவுப் பிள்ளைகள்'னு.

1967-ல் பிறந்த பிள்ளைக்கு 1989-ல் என்ன வயசு? இருபத்திரண்டு! நான் முப்பது வருஷமா அந்த வயசுப் பிள்ளைகளுக்குத்தான் பாடம் நடத்துறேன். வருகைப் பதிவேட்டைக் காட்டி மிரட்டி உட்கார வைக்கலாம். கேட்க வைக்க முடியாது. (கைதட்டல்)

அந்த டிசம்பரில் திமிசோரா நகரத்திலே கூட்டம் கூடியது. சுட்டார்கள். 21-ஆம் தேதி தலைநகர் புக்கரெஸ்ட்டில் மாடத்திலே நின்னு சௌசெஸ்கு பேசறான், தொலைக்காட்சியிலே நேரடி ஒளிபரப்பு. திடீர்னு கூட்டத்திலே கூச்சல். அவனுக்குப் புரியலை. ஒலிபெருக்கியைப் பிடிச்சுக்கிட்டு "அலோ, அலோ"ங்கிறான், என்னவோ டெலிபோன் லைன் கட்டான மாதிரி! (பலத்த சிரிப்பு) சம்பளத்தைக் கூட்டறேன்னு சொல்லிப் பார்த்தான். அன்று இரவு தெருவிலே நின்னு குண்டடி பட்டவங்களிலே பலர் அந்த உத்தரவுப் பிள்ளைகள். மறுநாள் ஹெலிகாப்டரில் ஏறி ஓடினான். 25-ஆம் தேதி அவனையும் மனைவியையும் சுட்டுக் கொன்றார்கள். விசாரணை என்று ஒரு மணி நேரம் நடந்தது. அதையும் நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

புதிதாக வந்தவர்களுக்கு முன்னாலே ஆயிரம் வேலை கிடந்தது. ரொட்டி இல்லை, குளிருக்குச் சூடு இல்லை. ஆனால் மறுநாளே, டிசம்பர் 26-ஆம் தேதி, முதன்முதலாக ரத்து செய்த சட்டங்களிலே ஒன்று அந்த 770.

மணி அடிச்சிட்டீங்க ஐயா. (கைதட்டல்)